நிலத்தைப் பார்த்து வாசித்தவர்கள்

கல்யாணமாகி மூன்றாவது கிழமை, இவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தபோது ஒரு சிடி அகப்பட்டது. அட்டையில் முகம் ஒன்றும் இல்லை. நீல நிறத்தில் மங்கலாக ஏதோ, தண்ணீரா துணியா என்று சொல்ல முடியாதபடி. இவர் வெளியே போயிருந்தார். சமைத்துக்கொண்டே கேட்கலாம் என்று போட்டேன். பாட்டு வரவில்லை, ஒரே இரைச்சல். பெரிய மழை தகரத்தில் கொட்டுவது போல, அதற்குள்ளே எங்கோ ஒரு பெண் பாடுவது போல. பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டேன். அதே இரைச்சல்.

பின்னேரம் இவர் வந்ததும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பெட்டி பழுதாப் போச்சு. பாட்டெல்லாம் இரையுது."

ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்று கேட்டார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"பழுதில்லை. அது அப்பிடித்தான்."

"ஆர் உதைச் செய்தது?"

"நாங்கள்தான்."

கல்யாணம் பேசியவர்கள் 'மாப்பிள்ளை கொஞ்சக் காலம் மியூசிக் வேலையும் செய்தவர்' என்று சொல்லியிருந்தார்கள். கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவர் என்றுதான் என் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். லண்டனுக்கு வரமாட்டேன் என்று நான் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் நான் இருந்த ஒஸ்லோவுக்கு வரச் சம்மதித்தார். அது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்ததால் மியூசிக்கைப் பற்றி யாரும் மேலே விசாரிக்கவில்லை.

அந்தக் குழுவின் கதையை இவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. வருடக்கணக்கில், பாத்திரம் கழுவும்போது ஒன்று, ரயிலில் போகும்போது ஒன்று என்று கேட்டுச் சேர்த்ததுதான். ஏழு வயதில் தீவுப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு இங்கிலாந்துக்குப் போன பிள்ளை இவர். லண்டனுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் படிக்கும்போது மூன்று ஆங்கிலேயப் பிள்ளைகளோடு சேர்ந்தார். பாடுவதற்கும் கிட்டார் வாசிப்பதற்கும் ஒருத்தி, இன்னொரு கிட்டாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். இவர் பேஸ் கிட்டார், அடித்தளத்து ஒலி. நான்கு பேருமே கூச்சக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசிப்பதற்கு இரைச்சல் வசதியாக இருந்தது என்றார்.

காலடியில் வரிசையாகச் சிறிய பெட்டிகள் இருக்கும். கிட்டாரின் ஒலியை நீட்டவும் குழைக்கவும் அவற்றைக் காலால் அழுத்த வேண்டும். ஆகவே மேடையில் எல்லோரும் குனிந்தே நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்து, இப்படி வாசித்த எல்லாக் குழுக்களுக்குமே 'சப்பாத்துப் பார்க்கிறவர்கள்' என்று பட்டம் வைத்தார்கள். முதல் இசைத்தட்டு வந்தபோது அது செல்லமாகச் சொன்ன பெயர். மூன்றாவது தட்டு வரும்போது கேலி. ஆரவாரமான, ஆடக்கூடிய பாட்டுகளுக்கு ஊர் மாறியிருந்தது. முதல் தட்டுக்கு 'வானத்தைப் போல' என்று எழுதிய அதே கை, மூன்றாவதற்கு 'தூக்க மாத்திரை' என்று எழுதியது. தட்டுக் கொம்பனி ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்து, இனி வேண்டாம் என்றது.

"சண்டை பிடிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. கடைசியாய் வாசிச்சிட்டு வான் வண்டியிலை திரும்பி வந்தனாங்கள். ஒவ்வொருத்தராய் அவரவர் வீட்டு வாசல்லை இறங்கினம். பிறகு போன் பண்ணுறன் எண்டு டிரம்ஸ்காரன் சொன்னவன்."

"பண்ணினவரோ?"

"இல்லை. நானும் பண்ணேல்லை."

இவர் ஒஸ்லோவுக்கு வந்து மொழி படித்து, பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் சலவை இயந்திரம் திருத்தும் இடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்களுக்கு ஐந்தாம் மாடி வீடு. நான் முதியோர் இல்லத்தில் உதவித் தாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசையின் பாட்டுக் குழுவை நடத்துகிறவளும் நான்தான். எனக்குச் சொல் விளங்க வேண்டும். 'ஆண்டவரே' என்றால் கடைசி வரிசை வாங்கில் இருக்கிறவருக்கும் அது 'ஆண்டவரே' என்றே கேட்க வேண்டும். அப்படிப்பட்ட எனக்கு, சொல் ஒன்றுமே விளங்காத பாட்டுகளைச் செய்த மனிதர். அந்தப் பெண் என்னதான் பாடுகிறாள் என்று ஒருநாள் கேட்டேன். தெரியாது என்றார். ஏழு வருடம் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறார்!

மகள் பிறந்து, வளர்ந்து, பேர்கனுக்குப் படிக்கப் போனாள். அங்கிருந்துதான் அந்தத் தொலைபேசி வந்தது.

"அம்மா, என்ரை வகுப்பிலை ஒரு பெடியன் அப்பான்ரை பான்டின்ரை ரீசேர்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்!"

"எங்கையிருந்து எடுத்தவன்?"

"வாங்கினவனாம். இப்ப திருப்பி எல்லாரும் கேக்கினமாம் அம்மா. நெட்டிலை அவையைப் பற்றி எவ்வளவு எழுதிக் கிடக்குது தெரியுமோ? அது என்ரை அப்பா எண்டு சொன்னன். அவன் நம்பேல்லை."

இவரிடம் சொன்னேன். "ஓம், ஓம்" என்றுவிட்டுச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சில மாதங்களில் பாடுகிறவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சில ஊர்களில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், திரும்பச் சேர்ந்து வாசிப்போமா, மற்ற இருவரும் சம்மதம், உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். இவர் பதில் போடவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. உண்மையைச் சொன்னால், பதில் போடாமல் இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. தவக்காலம், பாட்டுப் பயிற்சி, வேலை, அதற்குள் இது எதற்கு?

பிறகு ஒரு சனிக்கிழமை, கீழே நிலவறையில் எங்கள் சாமான் அறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனேன். இவர் அந்தப் பழைய கிட்டார் பெட்டிக்கு முன்னால், பூட்டில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"ஏனப்பா, போக விருப்பமில்லையோ?"

அப்போதுதான் அதைச் சொன்னார். இங்கிலாந்தில் அவர்கள் கடைசியாக வாசித்த நாள், இவருடைய அப்பா, என் மாமா, பார்க்க வந்திருக்கிறார். தபால் பிரிக்கும் வேலை முடிந்து, வேலைக் கோட்டோடேயே. அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர்தான். மாமா சுவரோடு ஒரு கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டார். வெளியே வந்ததும் மகனின் தோளில் கை வைத்து, "எல்லாச் சத்தமும் கேட்டுது தம்பி. உன்ரைதான் கேட்கேல்லை" என்றார். அடுத்த வருடம் அவர் இல்லை.

"அவர் பிழையாச் சொல்லேல்லை," என்றார் இவர். "உண்மையாத்தான் சொன்னவர்."

உருளைக்கிழங்குப் பையை நிலத்தில் வைத்தேன். எங்கள் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிற ஒரு அக்கா இருக்கிறா. பேக்கரியில் வேலை. அவவின் குரல் ஒருவருக்கும் தனியாகக் கேட்பதில்லை. ஒரு பெரிய வெள்ளிக்கு அவவுக்குக் காய்ச்சல் வந்து, அன்றைக்கு முழுப் பாட்டும் ஒரு பக்கம் சரிந்தது. நான் நடத்தியும் தூக்க முடியவில்லை. அதை இவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"உங்கடை அப்பாவுக்கு அது தெரியேல்லை. அதுக்கு அவரிலை கோவிக்கேலாது. ஆனால் அதுக்காக உந்தப் பெட்டியை இவ்வளவு காலம் பூட்டி வைக்கிறதே?"

"நீர் பாட்டுக் குழுக்காரி. உமக்குத் தெரியுது."

"மற்ற மூண்டு பேருக்கும் தெரிஞ்சபடியாத்தானே உங்களைக் கேக்கினம்."

அன்று மாலையே பதில் போட்டார். லீவு அதிகம் இல்லை, நீங்கள்தான் இங்கே வர வேண்டும் என்று எழுதினார். வந்தார்கள்.

வசந்தத்தில், ஒரு கிழமைக்கு. பாடுகிறவள் இப்போது பூங்கன்றுகள் விற்கும் தோட்டத்தில் வேலை செய்கிறாள், கைவிரல்களில் மண் வெடிப்பு. கிட்டார்காரர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். டிரம்ஸ்காரர் கார் ஓட்டப் பழக்குகிறவர். மூன்று பேரும் எங்கள் விறாந்தையில் பயணப் பைகளோடு நின்று, ஒருவர் மாறி ஒருவர் மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நனைந்த சப்பாத்துக்கு, பிந்தி வந்ததற்கு, இடைஞ்சலுக்கு. இவ்வளவு சத்தம் போட்டவர்கள் இவர்கள்தானா என்று நினைத்துக்கொண்டேன். மகளின் அறையைப் பாடுகிறவளுக்குக் கொடுத்தேன். ஆண்கள் இருவரும் வரவேற்பறையில்.

வாசிக்க இடம் வேண்டும். எங்கள் கட்டடத்தின் நிலவறையில் குடியிருப்போருக்கான கூட்ட அறை ஒன்று உண்டு. சங்கத் தலைவியிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நாளைக்கு 'டுக்னாட்' என்றார். பனி கரைந்ததும் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைத் துப்புரவாக்கும் நாள். அதற்கு ஆள் போதாதாம். அப்படியாக, ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகளின் அட்டையில் வந்த நான்கு பேரும் மறுநாள் காலை மஞ்சள் கையுறை போட்டு, மாரிகாலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சரளைக் கற்களைக் கூட்டி அள்ளினார்கள். டிரம்ஸ்காரர் தள்ளுவண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. தொத்திறைச்சி சுட்டுக் கொடுத்தபோது தலைவி அறையின் சாவியை இவரிடம் நீட்டினார். மாலை ஏழு மணிவரை என்றார்.

முதல் நாள் பயிற்சி சரிவரவில்லை. தொடங்குவார்கள், நிற்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன்குழம்பும் வைத்தேன். பிறகு டிரம்ஸ்காரர், கோப்பையைப் பார்த்தபடியே, நான் அன்றைக்குத் தொலைபேசி எடுக்கிறேன் என்று சொன்னேன், எடுக்கவில்லை என்றார். எடுத்தால் முடிந்துவிட்டது என்று யாராவது சொல்வீர்கள் என்று பயந்தேன் என்றார். கிட்டார்காரர், நானும் அதுக்குத்தான் எடுக்கவில்லை என்றார். பாடுகிறவள் என் மேசைத் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. இவர் எழுந்து எல்லோருக்கும் இன்னொரு அகப்பை குழம்பு விட்டார். டிரம்ஸ்காரருக்குப் புரையேறிவிட்டது. உறைப்புத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நான் கீழே தேத்தண்ணீர் கொண்டுபோகும்போது கதவுக்கு வெளியிலேயே தெரிந்தது. நிலம் அதிர்ந்தது. கிட்டார்கள் எங்கோ மேலே மிதந்தன. அவற்றுக்கு அடியில், இவருடைய ஒலி. காதால் கேட்டேன் என்பதைவிட உள்ளங்காலால் கேட்டேன் என்று சொல்லலாம். தட்டத்தை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றேன். தேத்தண்ணீர் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடின.

அன்று பின்னேரம் முதல் மாடியில் இருக்கும் பெண் கதவைத் தட்டினாள். கோயம்புத்தூர்க்காரி, கணவருக்குக் கணினி வேலை, கைக்குழந்தையோடு இருப்பவள். நான் 'ஓம்' என்றால் அவளுக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

"அக்கா, கீழ வாஷிங் மெஷின் எதுவும் ரிப்பேர் ஆயிடுச்சா? அண்ணன் பாத்துட்டு இருக்காரா? தரை முழுக்க ஒரு மாதிரி உறுமுது."

"அது மெஷின் இல்லையம்மா, பாட்டு. நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"பாட்டா?" கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா, பரவாயில்ல."

ஐந்தாம் நாள் அவர்கள் ஓய்வெடுத்து ஊர் பார்க்கப் போனார்கள். அவள் மறுபடி வந்தாள்.

"இன்னைக்கு வாசிக்கலையாக்கா? பாப்பா மூணு நாளா மத்தியானம் அசையாமத் தூங்குனா. இன்னைக்குக் கண்ணே மூட மாட்டேங்குறா."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது நான்கு பேரும் சந்தோஷப்பட்டதைப் பார்க்க வேண்டும். 'தூக்க மாத்திரை' என்று எழுதிய ஆளுக்கு இதை எழுதி அனுப்ப வேண்டும் என்று கிட்டார்காரர் சொன்னார்.

போவதற்கு முதல் நாள் பாடுகிறவள் என்னோடு வெங்காயம் உரித்தாள். நான் தயங்கித் தயங்கி, உன் பாட்டின் சொற்கள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கோபிக்காதே என்றேன். கையைத் துடைத்துவிட்டு, கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பாட்டை எழுதித் தந்தாள். எட்டே வரி. பேருந்து நிறுத்தம், மழை, ஈரக் கோட், வராத பேருந்து.

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான், தெளிவாகப் பாடினால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றாள். பிறகு இருவரும் வெங்காயத்தோடு சிரித்தோம்.

இலையுதிர் காலத்தில் அவர்கள் ஒஸ்லோவில் வாசித்தார்கள். நானூறு பேர் கொள்ளும் மண்டபம் நிரம்பியிருந்தது, பாதிப் பேர் மகளின் வயதுக்காரர்கள். பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு அக்காமாரைக் கூட்டிப்போனேன். காதுக்குள் பஞ்சு, மேலே கம்பளித் தொப்பி. இரண்டாவது பாட்டில் பேக்கரி அக்கா என் காதோடு வந்து கத்தினா.

"ஏன் பிள்ளை எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கினம்? ஏதும் விழுந்து போச்சோ?"

"இல்லையக்கா, காலாலையும் வாசிக்கினம்!"

"பாவங்கள். ஆராவது நிமிர்ந்து பாக்கச் சொல்லுங்கோவன்."

ஆனால் கடைசிவரை நின்றா. வெளியே வந்ததும், உம்முடைய ஆள் வாசிக்கிறது நெஞ்சுக்குள்ளை இடிக்குது என்றா. இவரிடம் அதை அப்படியே சொன்னேன். கிட்டாரைத் துடைத்தார், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப.

மறுநாள் ரயிலில் பேர்கன். வழியெல்லாம் பாடுகிறவளுக்கு இருமல். போய்ச் சேர்ந்தபோது மழை, அவளுக்குக் குரலே இல்லை. நான் மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தேன், மகள் மருந்துக் கடைக்கு ஓடினாள். ஒன்றும் உதவவில்லை. சரி, பாடாமல் வாசிப்போம், முன்னரும் யாருக்குக் கேட்டது என்று கிட்டார்காரர் சொன்னார். அவள் சத்தம் வராமல் சிரித்து அவர் முதுகில் அடித்தாள்.

மேடையில் இவர்தான் ஒலிவாங்கிக்குப் போனார். அதுவரை ஒரு மேடையிலும் ஒரு சொல் பேசாதவர். லில்லெஸ்ட்ரோம் கடையில் பேசுகிற அதே நொர்வேஜிய மொழியில், பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாசித்தார்கள். மூன்றாவதாக அந்தப் பேருந்துப் பாட்டு. அவள் பாடவேண்டிய இடம் வந்தபோது, முன்வரிசையில் யாரோ மெதுவாகப் பாடத் தொடங்கினார்கள். பிறகு பின்னால். பிறகு முழு மண்டபமும், உரக்க இல்லை, அவள் பாடுவதைப் போலவே வாய்க்குள். என் பக்கத்தில் மகளும் பாடினாள்.

ஆனால் எனக்கு அந்தச் சொற்கள் தெரியுமே. கவனித்துக் கேட்டேன். அவர்கள் பாடியது வேறு. 'ஈரக் கோட்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் எல்லோரும் 'ஈரப் போட்' என்றார்கள், நனைந்த படகு. பேருந்து வரவேயில்லை, ஏதோ ஒரு கடல் வந்தது. இரைச்சலுக்குள் கேட்டதை ஊகித்து யாரோ இணையத்தில் எழுதிவைக்க, பிள்ளைகள் அதைப் பாடமாக்கியிருக்கிறார்கள். பாடுகிறவளைப் பார்த்தேன். அவள் கிட்டாரை வாசித்தபடியே நிமிர்ந்து, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேருமே நிமிர்ந்திருந்தார்கள்.

முடிந்ததும் அவள் ஒரு தாளில் எழுதி எங்களுக்குக் காட்டினாள். என்னுடையதைவிட இது நல்லது. அதன்பிறகு அந்தப் பாட்டை அப்படியே, படகோடுதான் பாடுகிறாள். மகள் தன் வகுப்புப் பெடியனைக் கூட்டிவந்து, "பார், என் அப்பா" என்றாள். இவர் அவனோடு கை குலுக்கி, வேறு ஒன்றும் தோன்றாமல், படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு புதிய தட்டு வந்தது. பாதி எங்கள் நிலவறையில் பதிவானது. பத்திரிகைகள் நல்லபடியாக எழுதின. 'தூக்க மாத்திரை' என்று எழுதிய பழைய பத்திரிகையும், இவர்களை எப்போதும் கொண்டாடிய மாதிரியே எழுதியது. அவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பெரிய பயணங்கள் இல்லை. கிட்டார்காரருக்குப் பள்ளி விடுமுறை விடும்போதுதான் வாசிப்பார்கள், டிரம்ஸ்காரருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது. இவர் வேலையை விடவில்லை. விடும் எண்ணமும் இல்லை.

போன மாதம் லில்லெஸ்ட்ரோமில் ஒரு வீட்டுக்கு இயந்திரம் திருத்தப் போயிருக்கிறார். கதவைத் திறந்த ஐம்பது வயது மனிதர் இவரை உற்றுப் பார்த்து, உள்ளே போய் முதலாவது தட்டைக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு, திருத்தி முடித்த சலவை இயந்திரத்திலும் கையெழுத்துப் போட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம். இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது காது சிவந்திருந்தது.

"போட்டனீங்களோ?"

"போட்டனான்."

"எங்கை, முன்னுக்கோ?"

"சீச்சீ. பின்பக்கம். சுவரோடை நிக்கிற பக்கம்."